பகுதியா, முழுமையா: புராஸ்டேட் புற்றுநோய்ச் சிகிச்சையின் நூற்றாண்டு வழக்கு

ஆண்களின் சிறுநீர்ப்பைக்கு நேர்கீழே, சிறுநீர்க்குழாயின் தொடக்கப் பகுதியைச் சுற்றி வளைத்தபடி அமைந்துள்ள புராஸ்டேட் சுரப்பி, நடுவயதில் ஏறத்தாழ 20 கிராம் எடையே கொண்டது. விந்தில் கலக்கும் பாய்மத்தின் ஒரு பங்கைச் சுரப்பதே அதன் வேலை. அளவில் சிறியதாயினும் அதன் இருப்பிடம் அறுவை மருத்துவருக்கு மிகவும் இக்கட்டானது. மேலே சிறுநீர்ப்பையின் கழுத்து, பின்னே மலக்குடல், கீழே சிறுநீரை அடக்கிவைக்கும் சுருக்குத்தசை, இருபுறமும் ஆண்குறியின் விறைப்பை ஆளும் மெல்லிய நரம்புகள் என எல்லாத் திசையிலும் காயப்படக் கூடாத உறுப்புகள் சூழ்ந்திருப்பதால், இச்சுரப்பியில் தோன்றும் புற்றை ஒழிக்க முனையும் எந்தச் சிகிச்சையும் அக்கம்பக்கத்துக்கு ஊறு செய்யாமல் முடிவது அரிது. புற்று சுரப்பியின் எல்லையைத் தாண்டாமல் உள்ளேயே அடங்கியிருக்கும் நிலையில், சுரப்பி முழுவதையும் வெட்டியெடுத்தோ கதிர்வீச்சால் அழித்தோ தீர்ப்பதா, புற்று குடிகொண்ட இடத்தை மட்டும் அழித்து மீதியை விட்டுவைப்பதா என்ற வழக்கு இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்ததாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் அதன் வேர் 1904-ஆம் ஆண்டுவரை செல்கிறது; ஒவ்வொரு காலகட்டத்திலும் அவ்வழக்கின் போக்கைத் தீர்மானித்தது, கத்தியின் திறமையைவிட, சுரப்பிக்குள் எது எங்கே இருக்கிறது என்பதை அக்கால மருத்துவரால் எந்த அளவுக்குக் காண முடிந்தது என்பதே.

இந்நோயை நுண்ணோக்கி வழியாக உறுதிசெய்து முதலில் விவரித்தவர் லண்டன் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜான் ஆடம்ஸ்; 1853-இல் வெளியான தம் கட்டுரையில் இதை மிக அரிய நோய் என்றே அவர் வகைப்படுத்தினார். அரிய நோய் என அவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. முதுமையில் வரும் நோய் ஆதலால், அந்த வயதை எட்டியவர்களே குறைவாக இருந்த காலத்தில், சிறுநீர் அடைப்பால் இறந்தவர்களுள் யாருக்குப் புற்று, யாருக்கு வெறும் வீக்கம் எனப் பிரித்தறியும் வழக்கமும் இல்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1904 ஏப்ரல் 7 அன்று, அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹாம்ப்டன் யங் என்னும் இளம் அறுவை மருத்துவர், விரைப்பைக்கும் மலவாய்க்கும் இடைப்பட்ட பகுதியைக் கீறி உள்நுழைந்து, புராஸ்டேட் சுரப்பியை அதன் உறையோடும் அதை ஒட்டிய விந்துப் பைகளோடும் முழுவதுமாக வெட்டியெடுத்தார். அன்று அவருக்கு உதவியாளராக நின்றவர் அம்மருத்துவமனையின் அறுவைத் துறைத் தலைவரான வில்லியம் ஹால்ஸ்டெட்.

இந்தக் கடைசிச் செய்தி சாதாரணமானதன்று. மார்பகப் புற்றுக்கு மார்பகத்தையும் அதன் அடித்தசைகளையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் ஒரே பிண்டமாக அகற்றும் அறுவையை வகுத்து, 1894-இல் அதன் முடிவுகளை வெளியிட்டுப் பெயர்பெற்றவர் ஹால்ஸ்டெட். புற்றுநோய் தோன்றிய இடத்திலிருந்து ஒழுங்கான வரிசையில் சுற்றுப்புறத்துக்குப் பரவுகிறது, ஆகவே எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவு உறுதியாகக் குணமாகும் என்பது அவர் கோட்பாட்டின் சாரம். புராஸ்டேட்டுக்கான முழுச் சுரப்பி அறுவை அந்தக் கோட்பாட்டின் நிழலில்தான் பிறந்தது. பின்னாளில் மார்பகத்தில் அக்கோட்பாடு தகர்ந்தபோது புராஸ்டேட் மருத்துவர்களும் அதே கேள்வியை எதிர்கொள்ள நேர்ந்தது தற்செயல் அன்று.

யங்கின் அறுவை துணிவானது. ஆனால் அதற்குத் தகுதியான நோயாளிகள் கிடைப்பதே அரிதாக இருந்தது. மலக்குடல் வழியாக விரலை நுழைத்துத் தடவிப் பார்ப்பது ஒன்றே நோயறியும் வழியாக இருந்ததால், கட்டி விரலுக்குத் தட்டுப்படும் வேளையில் புற்று பெரும்பாலும் எலும்புகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. 1941-இல் சிகாகோவின் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும், விதைகளை அகற்றினாலோ பெண்மை இயக்குநீரைக் கொடுத்தாலோ பரவிய புற்றும் சுருங்குவதைக் காட்டினர். ஹக்கின்ஸுக்கு 1966-இல் நோபல் பரிசைத் தேடித்தந்த அக்கண்டுபிடிப்புக்குப் பின், சுரப்பியோடு போராடுவதைவிட ஆண்மை இயக்குநீரை அடக்குவதே பல மருத்துவர்களுக்கு எளிய வழியாகப்பட்டது. 1945-இல் லண்டனில் பணிபுரிந்த அயர்லாந்துக்காரரான டெரன்ஸ் மில்லின், அடிவயிற்றைக் கீறி இடுப்பெலும்பின் பின்புறமாகச் சுரப்பியை அடையும் வழியைப் பரப்பினார். அவ்வழி புற்று அறுவைக்கும் கொண்டுவரப்பட்டது. ஆனால் பெருமளவு குருதியிழப்பும், பலருக்குச் சிறுநீர்க் கசிவும், ஏறத்தாழ எல்லோருக்கும் ஆண்மைக் குறைவும் அதன் விலையாயின.

கதிர்வீச்சின் கதை இதற்கு இணையாக ஓடியது. பகுதிச் சிகிச்சையின் முதல் நிழல் அங்கேதான் தென்படுகிறது என்று சொல்லலாம். நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் பெஞ்சமின் பேரிஞ்சர் 1910-களின் பிற்பாதியில், மலக்குடலில் வைத்த விரலின் துணையோடு ரேடியம் ஊசிகளைப் புற்றுக் கட்டிக்குள் செருகினார். 1950-களில் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் மால்கம் பாக்‌ஷா, நேரியல் முடுக்கி என்னும் எந்திரம் உமிழும் ஆற்றல்மிக்க கதிர்களை வெளியிலிருந்து பாய்ச்சி முழுச் சுரப்பியையும் சுடும் முறையை வளர்த்தார். 1970-களில் மெமோரியலின் வில்லட் விட்மோரும் அவர் குழுவினரும் வயிற்றைத் திறந்து, அயோடின்-125 என்னும் கதிரியக்கப் பொருள் அடங்கிய நுண்ணிய உலோக மணிகளைக் கையால் சுரப்பிக்குள் விதைத்தனர். மணிகள் சீராகப் பரவாமல் சில இடங்களில் குவிந்தும் சில இடங்களில் வெற்றாகவும் போனதால், கதிர் எட்டாத இடங்களில் புற்று மீண்டும் தலைதூக்கிற்று. அத்தலைமுறை மருத்துவர்கள் அத்தோல்வியிலிருந்து கற்ற பாடம், சுரப்பியில் எதையும் மிச்சம் வைக்கக் கூடாது என்பது. மணிகள் எங்கே விழுகின்றன என்பதைக் காணாமலேயே விதைத்தது வேறொரு பாடத்தையும் தந்திருக்கக்கூடும். 1983-இல் டென்மார்க்கின் ஹான்ஸ் ஹென்ரிக் ஹோல்ம், மலக்குடலில் வைத்த அல்ட்ராசவுண்ட் கருவியின் படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசிகளைச் செலுத்தியபோது பார்த்தே செலுத்த வேண்டும் என்ற அந்த இரண்டாம் பாடம் வெளிப்பட்டது.

முழுச் சுரப்பி அறுவையைப் பெருவழக்காக்கிய திருப்பம், வேடிக்கையாக, சுரப்பியைச் சுற்றியுள்ளவற்றை விட்டுவைக்கும் கலையிலிருந்து வந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் யங்கின் வழிவந்த பேட்ரிக் வால்ஷ், 1970-களில் சுரப்பியின் முன்புறமுள்ள சிரைத் தொகுதியைக் கட்டி, குருதியிழப்பைக் குறைக்கும் வழியைக் கண்டறிந்தார். குருதி பெருகாத களத்தில் உறுப்புகளின் அமைப்பு முதன்முறையாகத் தெளிவாகத் தெரிந்தது. 1981-இல் நெதர்லாந்தின் லைடன் நகருக்குச் சென்றிருந்தபோது, ஓய்வுபெற்ற பேராசிரியர் பீட்டர் டோங்கர் இறந்து பிறந்த குழந்தையின் உடலில் இடுப்புப் பகுதி நரம்புகளைப் பிரித்தாய்ந்துகொண்டிருந்ததை அவர் கண்டார். முதியவர் உடலில் கொழுப்பிலும் நாரிழைகளிலும் புதைந்து மறையும் அந்நரம்புகள் சிசுவின் உடலில் பளிச்சென்று தெரிந்தன. விறைப்பை ஆளும் நரம்புகள், அதுவரை எண்ணப்பட்டதுபோல், சுரப்பியை ஊடுருவிச் செல்லாமல் அதன் உறைக்கு வெளியே ஓடுவதை இருவரும் சேர்ந்து கண்டறிந்தனர். 1982 ஏப்ரல் 26 அன்று வால்ஷ் அந்நரம்புகளைத் திட்டமிட்டு விலக்கிவைத்து முதல் அறுவையைச் செய்தார். ஆண்மை இழப்பு தவிர்க்க முடியாத விதி என்ற எண்ணம் அன்றோடு ஆட்டங்கண்டது. எழுபத்தெட்டு ஆண்டுகளாகச் செய்யப்பட்டுவந்த ஓர் அறுவையில், அறுக்கப்படும் நரம்பு எது என்பதே அதுவரை தெரியாமலிருந்தது மருத்துவ வரலாற்றில் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி.

அடுத்த பத்தாண்டில் நோயாளிகள் வெள்ளமாக வந்தனர். 1970-இல் ரிச்சர்ட் ஆப்லின் சுரப்பித் திசுவுக்கே உரிய ஒரு புரதப்பொருள் பற்றி எழுதினார். 1979-இல் அத்தகைய புரதம் தூய்மையாகப் பிரித்தெடுக்கப்பட்டது. குருதியில் அதன் அளவைக் கணக்கிடும் பி.எஸ்.ஏ. சோதனைக்கு அமெரிக்க அரசு 1986-இல் சிகிச்சைக்குப் பிந்திய கண்காணிப்புக்காகவும், 1994-இல் நோயைக் கண்டறிவதற்காகவும் ஒப்புதல் அளித்தது. அளவு மிகுந்தவர்களுக்குச் சுரப்பியிலிருந்து ஊசியால் திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி செய்யப்பட்டது. 1989-இல் ஸ்டான்ஃபோர்டு குழு வகுத்த முறைப்படி, சுரப்பியை ஆறு பிரிவுகளாகக் கொண்டு ஒவ்வொன்றிலும் ஒரு முறை ஊசி செலுத்தப்பட்டது. அல்ட்ராசவுண்ட் சுரப்பியின் வெளிக்கோட்டைக் காட்டியதே தவிர, உள்ளே புற்று எங்கே என்பதைத் தெளிவாகக் காட்டவில்லை. ஊசி முனையில் புற்று அகப்படுவதும் அகப்படாமல் போவதும் பெருமளவு தற்செயலாகவே இருந்தது. அமெரிக்காவில் புதிதாகக் கண்டறியப்படுவோர் விகிதம் 1992-இல் உச்சத்தைத் தொட்டது.

அவ்வாறு அகப்பட்ட புற்றுகளுள் பல மிகச் சிறியவை, மெல்ல வளர்பவை. புற்றணுக்கள் எவ்வளவு ஒழுங்கு குலைந்து காணப்படுகின்றன என்பதைக் கொண்டு அவற்றின் வீரியத்தை மதிப்பிடும் அளவுகோலை டொனால்ட் கிளீசன் 1966-லேயே வகுத்துக் கொடுத்திருந்தார். ஆயினும் புற்று என்ற சொல்லைக் கேட்டபின் அளவுகோலைப் பொறுமையாகப் பார்த்தவர் குறைவு. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாக, பட்டாணி அளவுகூட இல்லாத மென்மையான புற்றுக்கும் முழுச் சுரப்பியும் பலியிடப்பட்டது. 2000-ஆம் ஆண்டுக்குப் பின் எந்திரக் கைகளைக் கொண்டு செய்யும் ரோபோ அறுவை பரவியது. அதைப் பெரிய அளவில் நிலைநாட்டியவர்களுள் ஒருவர், புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவம் பயின்று டெட்ராய்ட் நகரில் பணியாற்றிய மணி மேனன். வடு சிறுத்தது, குருதியிழப்பு குறைந்தது. ஆனால் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் நடந்து 2016-இலும் 2018-இலும் வெளியான சோதனையில், கைத்திறனால் செய்த அறுவைக்கும் ரோபோ அறுவைக்கும் இடையே சிறுநீர் அடக்கத்திலோ ஆண்மையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கருவி மாறியதால் சுரப்பியின் அண்டைவீட்டார் மாறிவிடவில்லை.

முழுச் சுரப்பிச் சிகிச்சையின் பயனையும் விலையையும் நேர்மையாக எடைபோட உதவியது பிரிட்டனில் நடந்த ப்ரொடெக்ட் சோதனை. 1999 முதல் 2009 வரை 82,000-க்கு மேற்பட்ட ஆண்களுக்கு பி.எஸ்.ஏ. பார்த்து, சுரப்பிக்குள் அடங்கிய புற்று கண்டறியப்பட்டவர்களுள் 1,643 பேரை அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு ஆகிய மூன்று பிரிவுகளில் குலுக்கல் முறையில் சேர்த்தனர். அறுவை செய்துகொண்டவர்களில் 46 விழுக்காட்டினர் ஆறாம் மாதத்தில் சிறுநீர்க் கசிவுக்காகப் பஞ்சுத் துணி பயன்படுத்தினர். ஆறு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த எண்ணிக்கை 17 விழுக்காடாக இருந்தது. உறவுக்குப் போதிய விறைப்பு, சிகிச்சைக்கு முன் மூன்றில் இரு பங்கினருக்கு இருக்க, அறுவைக்குப் பின் ஆறாம் மாதத்தில் 12 விழுக்காட்டினருக்கும், கதிர்வீச்சுக்குப் பின் 22 விழுக்காட்டினருக்குமே மிஞ்சியது. 2023-இல் வெளியான பதினைந்து ஆண்டுக் கணக்கின்படி, மூன்று பிரிவினரிலும் இப்புற்றால் இறந்தவர்கள் ஏறத்தாழ 3 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவு. பிரிவுகளுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இதைக் கொண்டு அறுவையே வீண் என்று முடிவுகட்டுவது தவறாகும்: பி.எஸ்.ஏ. பரவுவதற்கு முந்திய வகைப் புற்றுகளைக் கொண்ட 695 பேரைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஸ்காண்டிநேவியச் சோதனை, அறுவை செய்துகொண்டவர்கள் சராசரியாக ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்ததைக் காட்டியிருக்கிறது. முழுச் சுரப்பிச் சிகிச்சை உயிர் காப்பது உண்மை. யாருக்கு அது தேவை என்பதைப் பிரித்தறியாமல் எல்லோருக்கும் செய்ததே சிக்கல்.

ப்ரொடெக்டின் முடிவுகள் வருமுன்பே, இச்சூழலில்தான் பகுதிச் சிகிச்சை முறையாகக் களமிறங்கியது. சுரப்பியின் புற்றுள்ள பகுதியை மட்டும் உறையவைத்தோ சுட்டோ அழித்து, எஞ்சிய திசுவையும் நரம்புகளையும் சுருக்குத்தசையையும் காப்பதே இதன் நோக்கம். மார்பகத்தில் ஹால்ஸ்டெட்டின் கோட்பாடு அதற்குள் வீழ்ந்துவிட்டிருந்தது: இத்தாலியின் உம்பெர்டோ வெரோனேசி 1981-இலும் அமெரிக்காவின் பெர்னார்ட் ஃபிஷர் 1985-இலும் வெளியிட்ட சோதனைகள், கட்டியுள்ள பகுதியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு பெற்றவர்களும் மார்பகம் முழுவதையும் இழந்தவர்களும் ஒரே அளவு காலம் வாழ்ந்ததைக் காட்டின. கதிரியல் மருத்துவரான கேரி ஓனிக் இந்த முன்னுதாரணத்தை வெளிப்படையாகவே கையிலெடுத்தார். ஊசி போன்ற குழாய்களின் முனையில் கடுங்குளிரை உண்டாக்கித் திசுவைப் பனிக்கட்டியாக்கும் உறைவுச் சிகிச்சையை அல்ட்ராசவுண்டின் துணையோடு நடத்தும் முறையை வளர்த்தவர்களுள் அவரும் ஒருவர். 2002-இல், ஒரு பக்கத்து நரம்பைக் காத்து மறுபக்கத்தை மட்டும் உறையவைத்த சில நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார். இதே காலத்தில், ஒலியலைகளை ஒரு புள்ளியில் குவித்துத் திசுவைச் சுடும் ஹைஃபு முறையை பிரான்சின் லியோன் நகரிலும் அமெரிக்காவின் இண்டியானாவிலும் ஆய்வாளர்கள் செப்பனிட்டுவந்தனர். அதுவும் தொடக்கத்தில் முழுச் சுரப்பியையும் சுடவே பயன்பட்டது.

மார்பக ஒப்புமை கவர்ச்சியானது. ஆனால் முழுமையாகப் பொருந்துவதன்று. அங்கே எஞ்சிய மார்பகத்துக்குக் கதிர்வீச்சு கொடுக்கப்பட்டது. பகுதிச் சிகிச்சையில் எஞ்சிய சுரப்பிக்கு எதுவும் கொடுக்கப்படுவதில்லை. மேலும், வெட்டியெடுத்த சுரப்பிகளை அறுத்தறுத்துப் பார்த்த நோயியலாளர்கள், பெரும்பான்மையான சுரப்பிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் புற்று முளைத்திருந்ததைக் கண்டிருந்தனர். பகுதிச் சிகிச்சையின் ஆதரவாளர்கள் இதற்கு முதன்மைக் கட்டிக் கருத்தை விடையாக வைத்தனர்: பல புற்றுகள் இருப்பினும், அவற்றுள் பெரியதும் வீரியமிக்கதுமான ஒன்றே பரவி உயிரைக் குடிப்பது, ஆதலால் அதை அழித்தால் போதும் என்பது அக்கருத்து. 2009-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், இந்நோயால் இறந்தவர்களின் உடலெங்கும் பரவிய கட்டிகள் ஒரே மூதாதை அணுவிலிருந்து வந்தவை என மரபணுச் சான்றோடு காட்டியபோது அக்கருத்து வலுப்பெற்றது. நான்கே ஆண்டுகளில், அதே நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வொன்று ஒரே ஒரு நோயாளியின் வரலாற்றைப் பின்னோக்கித் துருவி, அவரைக் கொன்ற புற்றின் மூலம் சுரப்பியிலிருந்த பெருங்கட்டி அன்று, வீரியம் குறைந்ததாகத் தோன்றிய ஒரு சிறு முளையே என்று காட்டியது. ஒரு நோயாளியைக் கொண்டு பொதுவிதி வகுக்க இயலாது. ஆனால் விதிவிலக்கு உண்டு என்பதை மறுக்கவும் இயலாது.

பகுதிச் சிகிச்சையைக் கருத்திலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது எம்.ஆர்.ஐ. படம். திசுவின் அடர்த்தி, நீர்மூலக்கூறுகளின் நகர்வு, குருதியோட்டம் எனப் பல அளவுகளை ஒருங்கே காட்டும் படமுறை முதிர்ந்தபின், சுரப்பிக்குள் புற்றின் இருப்பிடம் முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. 2017-இல் வெளியான ப்ராமிஸ் என்னும் பிரிட்டன் ஆய்வில் 576 ஆண்களுக்கு எம்.ஆர்.ஐ., வழக்கமான பயாப்ஸி இரண்டும் செய்யப்பட்டு, ஐந்து மில்லிமீட்டருக்கு ஒன்றாக ஊசி செலுத்தும் முழுமையான திசு ஆய்வோடு ஒப்பிடப்பட்டன; பொருட்படுத்த வேண்டிய புற்றுகளில் எம்.ஆர்.ஐ. 93 விழுக்காட்டையும், பழைய பயாப்ஸி 48 விழுக்காட்டை மட்டுமே கண்டறிந்தன. முழுச் சுரப்பிச் சிகிச்சை கோலோச்சிய காலம் முழுவதும் மருத்துவர்கள் நம்பியிருந்த கண் பாதிப் பார்வைதான் உடையது என்பது இதனால் தெளிவாயிற்று.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஹஷிம் அகமதும் மார்க் எம்பர்ட்டனும் எம்.ஆர்.ஐ. காட்டிய இடத்தை மட்டும் ஹைஃபுவால் சுட்டு, 2012-இல் 41 பேரின் முடிவுகளை வெளியிட்டனர். முன்பு கசிவில்லாதிருந்த 38 பேரும் பின்னரும் கசிவின்றி இருந்தனர். முன்பு நல்ல விறைப்புடைய 35 பேரில் 31 பேர் ஓராண்டில் அதைத் திரும்பப் பெற்றிருந்தனர். பக்கவிளைவுக் கணக்கில் முழுச் சுரப்பிச் சிகிச்சை இதன் அருகில்கூட வர முடியாது. புற்றைக் கட்டுப்படுத்தும் கணக்கு அவ்வளவு எளிதாக முடிவதில்லை. 2018-இல் வெளியான 625 பேரின் தொகுப்பில் ஐந்தாண்டில் 88 விழுக்காட்டினர் முழுச் சுரப்பிச் சிகிச்சையோ அதனினும் கடுமையான சிகிச்சையோ தேவைப்படாமல் இருந்தனர். 2022-இல் 1,379 பேரின் தொகுப்பில் ஏழாண்டில் அவ்விகிதம் 69 விழுக்காடாக இருந்தது. இவ்வெண்களை அறுவையின் எண்களோடு நேராக வைத்து ஒப்பிட முடியாது. சுரப்பியை முற்றும் அகற்றியவருக்கு பி.எஸ்.ஏ. சுழியத்தை ஒட்டி நிற்க வேண்டும். அது ஏறினால் புற்று திரும்பியதாகக் கொள்ளப்படும். பாதிச் சுரப்பி எஞ்சியவருக்கு அது எப்போதும் ஓரளவு இருந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒரு தரப்பில் குருதிச் சோதனை தோல்வியைச் சொல்கிறது, மறு தரப்பில் அடுத்த சிகிச்சை தேவைப்பட்டதா என்பதே தோல்வியின் அளவாகிறது. இரண்டாம் முறை ஹைஃபு செய்வதைத் தோல்வி எனக் கொள்வதா, சிகிச்சையின் தொடர்ச்சி எனக் கொள்வதா என்பதிலும் கருத்து வேற்றுமை உண்டு. கொள்ளும் முறையைப் பொறுத்து எண்கள் இனிமையாகவோ கசப்பாகவோ மாறுகின்றன.

இவ்விரு தரப்பினரும் அவ்வளவாக விரும்பாத மூன்றாம் தரப்பு ஒன்றும் உண்டு. டொரான்டோவின் லாரன்ஸ் கிளாட்ஸ் 1990-களின் நடுவிலிருந்தே வீரியம் குறைந்த புற்றுகளுக்கு எதுவும் செய்யாமல், பி.எஸ்.ஏ.வும் பயாப்ஸியும் கொண்டு தொடர்ந்து கவனித்து, மாற்றம் தெரிந்தால் மட்டும் சிகிச்சையளிக்கும் முறையை நிலைநாட்டினார். பகுதிச் சிகிச்சைக்கு அது எழுப்பிய சங்கடம், பச்சையம் போன்ற பாக்டீரிய நிறமியிலிருந்து உருவாக்கிய மருந்தைச் செலுத்தி லேசர் ஒளியால் தூண்டிக் குருதிக்குழாய்களை அடைக்கும் டூகாட் முறையின் கதையில் வெளிப்பட்டது. ஐரோப்பாவில் 413 பேரைக் கொண்ட சோதனையில், இரண்டாண்டில் நோய் முன்னேறியோர் இச்சிகிச்சை பெற்றவர்களில் 28 விழுக்காடு, வெறும் கண்காணிப்பில் இருந்தவர்களில் 58 விழுக்காடு. இச்சிகிச்சைக்கு ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்பு 2017-இல் ஒப்புதல் தந்தது. அமெரிக்க அரசின் ஆலோசனைக் குழுவோ 2020-இல் எதிராக வாக்களித்தது. சிகிச்சையே தேவைப்படாத மென்மையான புற்றுகளில் பெற்ற வெற்றி எவ்வளவு பெறும் என்ற ஐயமே அந்த எதிர்ப்பின் உள்ளீடு. பகுதிச் சிகிச்சைக்கு உரிய இடம் மென்மையான புற்றும் அன்று, கடும் புற்றும் அன்று, இடைநிலை வீரியம் கொண்ட, படத்தில் தெளிவாகத் தெரியும் ஒற்றைக் கட்டியே என்ற கருத்து அதன்பின் பெருமளவு நிலைபெற்றது.

முழுச் சுரப்பிச் சிகிச்சையையும் பகுதிச் சிகிச்சையையும் குலுக்கல் முறையில் நேருக்கு நேர் நிறுத்தும் முயற்சிகள் பிரிட்டனில் நடந்தபோது, பகுதிச் சிகிச்சை கிடைக்கும் என்றறிந்த ஆண்கள் பலர் அறுவைப் பிரிவில் விழும் வாய்ப்பை ஏற்க மறுத்தனர், ஆள்சேர்ப்பே பெரும்பாடாயிற்று. இதற்கிடையே கதிர்வீச்சுத் துறை இருவழிகளையும் ஒன்றிணைத்துப் பார்த்தது: நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்து 2021-இல் வெளியான ஃப்ளேம் சோதனையில், 571 பேருக்கும் முழுச் சுரப்பிக்குக் கதிர்வீச்சு அளித்து, அவர்களில் ஒரு பாதியினருக்கு எம்.ஆர்.ஐ. காட்டிய கட்டிக்கு மட்டும் கூடுதல் அளவு செலுத்தியபோது, ஐந்தாண்டில் பி.எஸ்.ஏ. உயராமல் இருந்தோர் விகிதம் 85-இலிருந்து 92 விழுக்காடாக உயர்ந்தது. பக்கவிளைவுகள் குறிப்பிடும்படி மிகவில்லை. பகுதிச் சிகிச்சை பெறுவோருக்கு இன்று, எஞ்சிய சுரப்பியில் புதிய முளை உண்டா என்பதை அறிய, குறித்த இடைவெளிகளில் பி.எஸ்.ஏ.வும் எம்.ஆர்.ஐ.யும் பார்க்கப்படுகின்றன, பெரும்பாலும் ஓராண்டளவில் மீண்டும் பயாப்ஸி செய்யப்படுகிறது. ப்ரொடெக்ட் சோதனை தன் விடையைச் சொல்லப் பதினைந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டது, எம்.ஆர்.ஐ. வழிகாட்டப் பகுதிச் சிகிச்சை பெற்றவர்களுள் அத்தனை ஆண்டுகளைக் கடந்தவர்கள் இன்னும் சிலரே.